ஆறடிக்கு மேல் ஒரு குரல்

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்பதல்ல. அச்சில் பேர் வந்துவிட்டால் பத்துப் பிரதி வாங்கி ஜீப்பில் வருகிற அத்தனை பெண்களுக்கும் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொல்லி உயிரை எடுப்பாள். அதற்குப் பயந்துதான். பெயர் போடாவிட்டாலும் போடிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். ஆறடிக்கு மேல் ஒரு விரற்கடை உயரமுள்ள பெண் அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.

அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவள் பார்த்த வேலை ஏலக்காய் எடுப்பது. ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளரும். காய் மட்டும் தூரடியில், தரையோடு தரையாக ஓடுகிற சரத்தில்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து எடுக்க வேண்டும். குட்டையான பெண்களுக்குத் தோதான வேலை. அக்கா அந்த நீளக் கால்களை மடக்கி உட்காருவதற்குள் பக்கத்துப் பெண் ஒரு தூரை முடித்துவிடுவாளாம். "ஆண்டவன் எனக்குக் காலு ரெண்டையும் நீட்டி விட்டுட்டு, சோலிய மட்டும் தரையில வச்சிட்டான், பாத்தியா" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் இருக்கிற எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் மைதானத்து வாசலில் குதிப்பாள். சேலைக்கு மேல் போட்ட ஆம்பளை முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாக்கு, நகக்கண்ணில் காய்க்கறை. பத்து நிமிடத்தில் பேன்ட்டும் பனியனுமாக ரிங்குக்குக் கீழே வந்து நிற்பாள். நிற்பாள் என்றால் நிற்பாள்தான். ஓட மாட்டாள். எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியின் சென்டர் அவள். கேப்டன் நான். எனக்கு இருபத்தொரு வயது, ஐந்தடி ஓரங்குலம், வாய் மட்டும் ஏழடி. கோச் என்று தனியாக யாரும் கிடையாது. கேப்டன் சொல்வதுதான் சட்டம்.

ஆனால் அக்கா என்றால் ஞாபகத்துக்கு வருவது உயரமில்லை, வாய்தான். முன்னால் போகிறவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கே இல்லை. கல்யாணப் பந்தியில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டு, "மதினி, முந்தி ரசத்துல கெடக்கு!" என்று கத்துவாள். மண்டபமே திரும்பும். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளிடம், "அண்ணே, பைக்கு ஸ்டாண்டு எடுக்கல" என்பாள். அவன் வேண்டா வெறுப்பாகக் காலால் தட்டிவிட்டுப் போவான். அக்கா அதற்கெல்லாம் வருத்தப்பட்டதே இல்லை.

ஒருநாள் காலை, பனி இறங்கியிருக்கிற நேரம், கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரி மாட்டிக்கொண்டது. ஜீப்பு பின்னால் போயாக வேண்டும். உள்ளே பதினெட்டுப் பெண்கள். டிரைவர், "எனக்குத் தெரியும், சும்மா உக்காருங்க" என்று ரிவர்ஸ் போட, அக்கா பின்படியிலிருந்து குதித்து ரோட்டு ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். "வா... வா... இன்னும் ஒரு மொழம்... ஒரு சாண்... ஏய் நிறுத்துடா, எங்களுக்கெல்லாம் புள்ளைகுட்டி இருக்கு!" இறங்கிப் பார்த்தால் டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு செருப்பு வைக்கத்தான் இடமிருந்ததாம். அதற்குப் பிறகு அந்த டிரைவர், அக்கா ஏறாமல் வண்டியை எடுக்க மாட்டான். இதை ஜீப்பிலிருந்த பெண்களே என்னிடம் சொன்னார்கள்.

மைதானத்திலும் அதே கதைதான். சென்டர் எல்லாருக்கும் பின்னால், ரிங்கை ஒட்டி நிற்பதால் ஆட்டம் முழுக்க அவள் கண்முன் இருக்கும். "ஏத்தா, மூணாம் நம்பரு உள்ள வருது! இடது பக்கம்! ஒம் முதுகுக்குப் பின்னால ஒருத்தி!" இதோடு விட்டால் பரவாயில்லை. நடுநடுவே காரணமே இல்லாமல், "ஓவ்வ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நாங்கள் நாலு பேரும் பதிலுக்கு "ஓவ்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேர் சொல்லி மறுபடி கூப்பிடுவாள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறவள் எங்கே "ஓவ்" சொல்வது?

மதுரைக் கல்லூரி அணி ஒன்று சிநேக ஆட்டத்துக்கு வந்தபோது மானம் போயிற்று. அந்தப் பெண்கள் வெள்ளை ஷூவும் வாரிக் கட்டின கொண்டையுமாக இருந்தார்கள். அக்கா "ஓவ்வ்" என்றதும் அவர்கள் பெஞ்சு மொத்தமும் "ஓவ்வ்... ஓவ்வ்..." என்று ஊளையிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேர் முன்னால், "அக்கா, இது காடில்லை. வாயை மூடிக்கிட்டு வெளாட முடிஞ்சா வெளாடு" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். "சரித்தா" என்றாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் மைதானத்தில் அவள் வாயைத் திறக்கவே இல்லை. அப்பாடா என்று நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் போன் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவில் ஆடுகிற தொழில்முறை ஆட்டங்களை ராத்திரி பகலாகப் பார்த்தேன். அங்கே ஆட்டமே மாறிப்போயிருந்தது. ரிங்குக்குக் கீழே மலை மாதிரி நிற்கிற ஆளைக் கழற்றிவிட்டு, குட்டையும் நடுத்தரமுமாக ஐந்து பேர் சுற்றிச் சுற்றி ஓடி, தூரத்திலிருந்து மூன்று மூன்று பாயிண்டாகப் போட்டார்கள். எனக்கு ஞானம் வந்துவிட்டது. இனிமேல் நெட்டைக்கு வேலை இல்லை, எல்லாரும் ஓட வேண்டும், எல்லாரும் த்ரீ போட வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். போனை அக்காவிடமும் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தா நிக்கிறானே, இவனும் நெட்டையந்தானத்தா. இவன் ஏன் ரிங்க விட்டுட்டு நடுவுல வந்து நிக்கிறான்?" என்று கேட்டாள். "அதெல்லாம் உனக்குப் புரியாதுக்கா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆயுத பூஜை விடுமுறையில் எங்கள் மைதானத்தில் போட்டி. என்னையும் சேர்த்து ஐந்து குட்டைப் பெண்களை எடுத்து வைத்தேன். எங்கள் அணியின் செயலாளர் ஏலக்காய் மண்டிக்காரர். காயை எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதற்குத்தான் நல்ல விலை என்று பிறந்ததிலிருந்து பார்த்து வந்தவர். அக்காவையும், அவள் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூட வாசலில் உயரத்தைப் பார்த்து அப்படித்தான் பொறுக்கி எடுத்தார். என் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு, "பாப்பா, நல்ல காயத் தள்ளிவிட்டுட்டு சல்லடைக்குக் கீழ விழுந்த பொடிக்காயா அள்ளிட்டு வந்திருக்க" என்றார். நான் அமெரிக்காவை எடுத்துவிட்டேன். "அங்கிட்டு ஏலக்கா வெளையாதுல்ல, அதான் அவனுகளுக்குத் தெரியல" என்று எழுந்து போய்விட்டார். உருவத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிறாரே என்று எனக்கு அவர்மேல் இளப்பம். நானும் அதே சல்லடையைத்தான் கவிழ்த்துப் பிடித்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டுமே. மைதானத்தில் வைத்துச் சொல்லத் துணிச்சல் இல்லாமல், செயலாளரின் ஜீப்பு மேலே போன ஒரு நாளில் தொற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்கே போனேன்.

ஏலக்காட்டுக்குள் அதுவரை நான் போனதில்லை. உள்ளே நுழைந்ததும் பயந்துவிட்டேன். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தழை, நிழல், ஈரம். இருபது பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றார்கள், ஒருத்தியைக்கூடக் காணோம். அப்போது எங்கிருந்தோ "ஓவ்வ்!" என்று அக்காவின் குரல். அங்கொன்று இங்கொன்றாகத் தழைக்குள்ளிருந்து பதில். "ஓவ்." "ஓவ்." ஒரு குரல் குறைந்தது போல. உடனே அக்கா, "கருப்பாயி! ஏ கருப்பாயி!" என்றாள். தள்ளி எங்கோ ஒரு கிழட்டுக் குரல், "இருக்கேன்டி, வெத்தல போட்டுக்கிட்டிருக்கேன்" என்றது. காட்டுமாடு திரிகிற இடம். யானையும் வரும். குத்தவைத்துக் குனிந்திருப்பவளுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது. அதனால் குரலில் எண்ணிக்கொள்கிறார்கள். எல்லாரும் இருக்கிறோமா, ஒருத்தி குறைகிறாளா என்று.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், போன காரியத்தைச் சொன்னேன். அதுதான் என் லட்சணம். "அக்கா, இந்தத் தடவை உன்னை எறக்க மாட்டேன். சின்ன ஆளுகளா வச்சு ஆடப்போறோம்."

அக்கா கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள். "லிஸ்டுல பேரு இருக்கா?"

"எட்டாவது பேரு உன்னோடதுதான். சும்மா பேருக்கு."

"அது போதும்த்தா. லிஸ்டுல பேரு இருந்தாத்தான் கணக்குப்பிள்ளை மூணு மணி ஜீப்புல விடுவான். இல்லாட்டி ஆறு மணி வரைக்கும் காடுதான்." அடுத்த சரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளெல்லாம் குனிஞ்சு கெடக்கேன். நிமுந்து நிக்கிறது அந்த ஒரு மணி நேரந்தான். அதயும் எடுத்துறாத."

அழவில்லை. கோபிக்கவில்லை. எனக்கு ஒரு கைப்பிடி பச்சைக் காய் கொடுத்து அனுப்பினாள்.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் என் பொடிக்காய்கள் ஓடின ஓட்டத்தில் எதிரணிக்கு மூச்சு வாங்கியது. இருபது பாயிண்டில் ஜெயித்தோம். செயலாளரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். அரையிறுதியில் அதே மதுரைக்காரிகள். அவர்களும் வீடியோ பார்க்கிறவர்கள்தானே. ஒருத்தி பந்தை வைத்துக்கொண்டு எங்களுக்குக் கண்கட்டி வித்தை காட்டுவாள். நாங்கள் ஐந்து பேரும் அவளையே பார்ப்போம். இன்னொருத்தி எங்கள் முதுகுக்குப் பின்னால் நழுவி ரிங்குக்குக் கீழே போய் அமைதியாகக் கையை நீட்டுவாள். பந்து போகும். ரெண்டு பாயிண்டு. திரும்பத் திரும்ப அதே. யார் ஆளை யார் விட்டது என்று நாங்கள் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டோம். இடைவேளையில் பதினாலு பாயிண்டு பின்னால் இருந்தோம்.

பெஞ்சுக்கு வந்தபோதுதான் அக்காவைப் பார்த்தேன். துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டு நனைந்து கிடந்தது. கத்திவிடக் கூடாதே என்று கடித்திருக்கிறாள்.

"அக்கா, எறங்குறியா?"

"எறங்குறேன். ஆனா கத்துவேன். கத்தக் கூடாதுன்னா இங்கயே இருந்துக்கிறேன்."

"கத்துக்கா. அவளுக என்ன வேணா சிரிச்சுக்கட்டும்."

"இன்னொண்ணு. நான் ரிங்குக்குக் கீழ நின்னா ஒங்களுக்கு வழி அடைக்குது. ரெண்டு ஆட்டம் பாத்தேன்ல, நீங்க ஓடுற ஓட்டத்துக்கு அந்த எடம் காலியா இருக்கணும். பந்து நம்மகிட்ட இருக்கப்ப நான் நடுவுல வந்து நிக்கிறேன். எங்கிட்ட குடுத்துட்டு என்னய சுத்தி ஓடுங்க. எவ காலியா இருக்கான்னு எனக்குத் தெரியும்ல."

போனில் பார்த்த அந்த நெட்டையன் செய்தது அதுதான். மாதக்கணக்காகப் பார்த்த எனக்குப் புரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்திருந்தது. அவள் இறங்கினாள். "ஏத்தா, அஞ்சாம் நம்பரு முதுகுக்குப் பின்னால! விடாத! ஓவ்வ்!" என்றாள். நாங்கள் நாலு பேரும் வெட்கம் கெட்டு "ஓவ்" என்று கத்தினோம். மதுரை பெஞ்சு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொண்டது. அவர்கள் நழுவுகிற இடத்திலெல்லாம் எங்கள் ஆள் முன்கூட்டியே நின்றாள். மறுபக்கம், நடு வட்டத்தில் நின்ற அக்காவின் கை உயரம் யாருக்கும் எட்டவில்லை. பந்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, சுற்றி ஓடுகிற எங்களுக்குப் பந்தி பரிமாறுகிற மாதிரி கொடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்று பாயிண்டில் ஜெயித்தோம். செயலாளர் மேசை மேல் ஏறிவிட்டார்.

மறுநாள் இறுதி ஆட்டம், சாயங்காலம் ஆறரைக்கு, திண்டுக்கல் அணியோடு. ஆறு மணி ஆயிற்று, அக்கா வரவில்லை. மத்தியானம் மலையில் நல்ல மழை. செயலாளர் தன் டிரைவருக்குப் போன் போட்டார். "வளைவுல கல்லு சரிஞ்சு கெடக்காம். ஒத்தப் பக்கமா விட்டுக்கிட்டிருக்காங்க. மூணு மணி ஜீப்பு இப்பத்தான் நகருதாம் பாப்பா. நீ இருக்கிறவள வச்சு ஆரம்பி."

அட்டவணை மேசையில் தாளை நீட்டினார்கள், இறங்குகிற ஐந்து பேரைக் குறிக்கச் சொல்லி. முதல் ஆளாக அக்காவைக் குறித்தேன். ஆள் இன்னும் மலையில் இருக்கிறாள்.

விதி இதுதான்: நேரம் ஆனபின் பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்து பேர் கோட்டுக்குள் நிற்காவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. எங்களிடம் அக்காவைச் சேர்த்து எட்டுப் பேர். அவளில்லாமல் ஏழு. தாராளமாக ஆரம்பிக்கலாம். நான் பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி ஷூ லேசைப் பல்லால் கடித்து அறுத்துக் காட்டினாள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனவள் வரவேயில்லை. இன்னொருத்தி கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஜூஸ் குடித்தாள். நாலு பேர் கோட்டுக்குள் நின்றோம்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சாவது ஆளு எங்கம்மா?"

"வந்துக்கிட்டிருக்கா சார்."

"பெஞ்சுல மூணு பேர் இருந்தாங்களே?"

"ஒடம்பு சரியில்ல சார்."

செயலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. "கோப்பை போயிரும்டி பாப்பா! போன வருசமும் போச்சு! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கோட்டு ஓரமாக ஓடி ஓடித் திட்டினார். ஐந்து நிமிடம். பத்து. பன்னிரண்டு. திண்டுக்கல் பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். அவள் வராமலே போனால் இத்தனை பேர் உழைப்பையும் நான்தான் வாரிக் கொடுத்தவளாவேன். அப்போது வாசலில் ஜீப்பு வந்து குலுங்கி நின்றது. அக்கா குதித்தாள், முழுக்கைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள். பின்னால், மழையால் காட்டு வேலை நின்றுபோன மற்றப் பெண்களும் சாக்கும் கூடையுமாக இறங்கி வந்து ரிங்குக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

"இன்னுமா ஆரம்பிக்கல?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள். "ஏன்த்தா?"

செயலாளர்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்காகத்தாம்மா. நீ இல்லாம வெளாட மாட்டோம்னு நிக்கிறாளுக இந்தக் கிறுக்கச்சிக."

பந்து மேலே போயிற்று. அந்த ஆட்டத்தில் நாலு பாயிண்டில் ஜெயித்தோம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது முதல் மூன்று நிமிடத்தைப் பற்றி. அக்கா ரிங்குக்குக் கீழே நின்றாள், வாய் திறக்கவில்லை. ஒரு சத்தமில்லை. ஒருத்தி எங்கள் முதுகுக்குப் பின்னால் நழுவினாள், ரெண்டு. இன்னொருத்தி, ரெண்டு. எட்டுப் பாயிண்டு போய்விட்டது. என்ன ஆயிற்று இவளுக்கு என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உருவம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவள் குரலில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கும் வந்துவிடும் போலிருந்தது. பந்து என் கையில். ஆட்டம் நடக்கிறது, நடுவர் பார்க்கிறார், நான் நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டு கத்தினேன்.

"அக்கா! அழுகைய அப்பறம் வச்சுக்க! எனக்குப் பின்னால யாரு வர்றா, சொல்லு!"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஏழாம் நம்பரு. வலது பக்கம். நீ திரும்பாத, ஓடு!"

ஓடினேன்.